தாழ்ப்பாளும் மூன்று வாக்கியங்களும்

அகராதிக்காரர் அன்று காலை ஒரு சபதம் எடுத்தார். இன்றைக்குள் அந்த ஒரு வார்த்தையை முடித்தே தீருவது! இதே சபதத்தை நேற்றும் எடுத்தார், முந்தாநாளும் எடுத்தார். சபதம் எடுப்பதில் மட்டும் மனிதர் ஒரு நாளும் தாமதித்ததில்லை.

வார்த்தை, புரோக்ராஸ்டினேஷன். ஆங்கில-தமிழ் அகராதி தயாராகும் அலுவலகத்தில் 'பி' எழுத்து முழுக்க அவர் பொறுப்பு. பொருள் எழுதிவிட்டார்: 'செய்ய வேண்டிய வேலையைக் காரணமில்லாமல் தள்ளிப்போடுதல்.' அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட மூன்று உதாரண வாக்கியங்கள் வேண்டும். அதுதான் ஐந்து மாதமாக வரவில்லை. திங்கட்கிழமையும் வராவிட்டால் 'பி' எழுத்தையே பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்று தலைமைப் பதிப்பாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் வளர்த்த எழுத்து! பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரி அல்லவா!

வீட்டிலும் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்தும் அதே ஐந்து மாதம்தான். உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம். பாட்டு நின்றால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை எங்கப்பா வர்றார்." மனைவி கணக்கு டீச்சர். சுற்றி வளைக்க மாட்டாள்.

"வரட்டுமே! தாராளமா வரட்டும்."

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கற மனுஷன். அவர் உள்ளே போய்ப் பாடுவாரா?"

"இந்த வார்த்தை முடியட்டும்மா. அடுத்த நிமிஷம் தாழ்ப்பாள்."

"தாழ்ப்பாள் முடியட்டும். அடுத்த நிமிஷம் வார்த்தை. மூணு வாக்கியமும் நான் எழுதித் தரேன்."

"நீயா? கணக்கு டீச்சரா?"

"அந்தப் பாடத்தைத்தானே அஞ்சு மாசமா எதிர்ல உக்காந்து படிச்சுட்டிருக்கேன்!"

அவர் மனசுக்குள் துள்ளிக் குதித்தார். நாலு திருகாணி, பத்து நிமிஷ வேலை. அதற்கு மூன்று வாக்கியமா? ஏமாந்துட்டாளே பாவம் என்று இரக்கம்கூட வந்தது.

பத்து நிமிஷ வேலை சனிக்கிழமை முழுவதையும் விழுங்கியது. கதவில் ஏழு ஓட்டை விழுந்தது; நாலு உபயோகப்பட்டது. மறுநாள் மாமனார் வந்தார், குளித்தார், பொட்டுச் சத்தமில்லை. வெளியே வந்து, "மாப்பிள்ளை, தாழ்ப்பாள் நல்லா இருக்கு" என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. அகராதிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கள் காலை மனைவி ஒரு மடித்த காகிதத்தை நீட்டினாள். "ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுக் குடுங்க."

"பஸ்ல படிச்சுக்கறேன்."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தூங்கிவிட்டார்.

அலுவலக வாசலிலேயே தலைமைப் பதிப்பாசிரியர் கையை நீட்டினார். படித்தார். கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"பிரமாதம்யா! எங்கேருந்து புடிச்சீங்க?"

"எல்லாம் வீட்டு அனுபவம்தான் சார்" என்றார் இவர், அடக்கமாக. 'பி' பிழைத்தது. சரிபார்க்க அச்சுத் தாள்கள் வந்தபோது, அப்புறம் நிதானமாப் பார்த்துக்கலாம் என்று கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினார்.

அகராதி வெளிவந்தது. முதல் பிரதியைப் பெருமை பொங்க மனைவி கையில் கொடுத்தார்.

"நீங்களே படிங்க. சத்தமா."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "ஒன்று. என் கணவரின் புரோக்ராஸ்டினேஷனால் ஐந்து மாதம் நான் குளியலறையில் பாடினேன்." நிமிர்ந்து பார்த்தார். "அடிப்பாவி! ஊரே படிக்குமே!"

"படிக்கத்தானே அகராதி? மேலே போங்க."

"இரண்டு. எத்தனை புரோக்ராஸ்டினேஷன் இருந்தாலும் அவர் தங்கமான மனிதர். கடைசியில் எப்படியும் தாழ்ப்பாளை மாட்டிவிடுவார்."

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார். மனைவியும் சிரித்தாள்.

"மூணாவது இருக்குங்க."

"மூன்று. இதைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்வார். அவருடைய புரோக்ராஸ்டினேஷனை நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன்."