ஆபீசர் குளோஸ்

சான்றிதழ் அலுவலகத்தின் மாடியில் ஒரே ஒரு கழிப்பறை இருந்தது. உள்ளே ஆள் இருக்கும்போது அதன் கதவு மூடியிருக்க வேண்டும், வேலை முடிந்ததும் திறக்க வேண்டும் என்பதே கட்டடம் கட்டிய நாள் முதல் அங்கே நடைமுறை. அந்த நடைமுறையின் இரண்டாம் பாதி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கைவிட்டது. உள்ளே இருந்தவர் அலுவலகத்தின் தலைமை அதிகாரி.

வெளியே நின்றவள் தட்டச்சுக்காரி. எல்லாரும் அவளை டைப்பக்கா என்பார்கள். கையில் விடுப்பு விண்ணப்பம். தங்கைக்கு முதல் பிரசவம். வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. தங்கை புருஷன் வெளியூரில். "நீ பக்கத்துல இருந்தாத்தான்க்கா எனக்குத் தைரியம்" என்று அவள் போனில் அழுதிருந்தாள். அதிகாரி விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "ஒரு நிமிஷம்மா, வந்து போடறேன்" என்று பேனாவோடு உள்ளே போனார். போனவர் போனவர்தான்.

அதிகாரி கெட்டவர் அல்ல. அண்மையில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார், அவ்வளவுதான். கதவையும் மூடுகிறோம், கடையையும் மூடுகிறோம், கோப்பையும் மூடுகிறோம், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதால்தான் நாம் பின்தங்கிக் கிடக்கிறோம் என்று அங்கே அவருக்கு விளங்கியது. திரும்பி வந்ததும் சுற்றறிக்கை விட்டார். இனிமேல் கதவு, ஜன்னல் என்றால் 'ஷட்'. அது கட்டடப் பிரிவுக்குப் போகும். குழாய், சாக்கடை என்றால் 'பிளாக்'; துப்புரவுப் பிரிவுக்கு. ஓடுகிற எதுவும் 'ஸ்டாப்'; வாகனப் பிரிவுக்கு. ஆள் சம்பந்தப்பட்ட கோப்பு 'குளோஸ்', பணியாளர் பிரிவுக்கு. சொல் தவறினால் செய்தி திரும்பி வரும்.

ஊழியர்கள் முதல் நாள் முணுமுணுத்தார்கள். மறுநாளே அது நாகரிகமாகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவை 'மூடு' என்று சொன்ன காவலாளியைப் பார்த்துக் கணக்கர் வயிறு குலுங்கச் சிரித்தார். டைப்பக்காவும் வீட்டில் புருஷனைத் திருத்தத் தொடங்கினாள். "கதவை ஷட் பண்ணுங்க. குழாயை பிளாக் பண்ணுங்க." அவர் வாயை என்ன பண்ணுவது என்று தெரியாமல் பழையபடியே மூடிக்கொண்டார்.

"அம்மா, வெளியில இருக்கீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "தாழ்ப்பாள் அசையவே மாட்டேங்குது."

"நான் ஒரு தள்ளு தள்ளட்டுமா சார்?"

"ஐயோ, வேண்டாம்! போன மாசம் பியூன் யாரையும் கேக்காம ஜன்னலுக்கு எண்ணெய் போட்டதுக்கு நான்தானே மெமோ குடுத்தேன். எனக்குன்னு வந்தா மட்டும் விதியை வளைக்கலாமா? முறைப்படி செய்தி அனுப்புங்க."

டைப்பக்காவுக்கு ஒரு கணம் அவர்மேல் மரியாதைகூட வந்தது. அது அந்தக் கணத்தோடு சரி.

"என்ன சொல் சார் போடறது?"

"கதவுதானே? 'ஆபீசர் ஷட்'னு போடுங்க."

அனுப்பினாள். கட்டடப் பிரிவிலிருந்து உடனே போன் வந்தது. "மேடம், வெறும் ஷட்னு இருக்கு. ஷட் அப்பா, ஷட் டவுனா?"

"அதிகாரிக்குப் போய் ஷட் அப்னு எழுதுவேனா? என் வேலை என்ன ஆகறது?"

"அப்போ டவுன்தான்" என்று குறித்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் மின்பணியாளர் ஏணியோடு வந்தார், மாடிக்கான மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கழிப்பறை இருண்டது.

"சொல் தப்பு" என்றார் அதிகாரி இருட்டிலிருந்து. குரலில் பதற்றம் இல்லை, ஆராய்ச்சிதான் இருந்தது. "இடத்தைப் பாருங்க. கழிப்பறை. 'பிளாக்'னு போடுங்க."

துப்புரவுப் பிரிவு நீளக் குழாயும் பம்பும் எடுத்துக்கொண்டு வந்தது.

"அடைப்பு எங்கம்மா?" என்றார் மேஸ்திரி.

"உள்ள இருக்காருங்க."

"பெரிசா?"

"நல்ல உடம்புதான்."

"எத்தனை நாளா?"

"பதவிக்கு வந்து ஆறேழு மாசம் இருக்கும்."

மேஸ்திரி தலையை ஆட்டினார். அவ்வளவு பழைய அடைப்பு கையால் வராது, அழுத்தித்தான் தள்ள வேண்டும் என்றார். கதவின் மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாகக் குழாயை விட்டுத் தண்ணீரை அடித்தார்கள். உள்ளே அலறல் கேட்டது. "பாத்தீங்களா, இளகுது" என்று மேஸ்திரி திருப்தியோடு குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

நனைந்தும் அதிகாரி மனம் தளரவில்லை. "நான் யாரு? பணியாளர். அப்போ பணியாளர் பிரிவுக்குத்தானே சொல்லணும்? 'ஆபீசர் குளோஸ்'னு போடுங்க."

"சார், அது ஒரு மாதிரி இருக்கே..."

"சொல் முறையா இருந்தா போதும்மா. மத்ததை அவங்க பாத்துப்பாங்க."

பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவு தன் வரலாற்றில் அவ்வளவு வேகமாக இயங்கியதில்லை. அதிகாரியின் பணிக்கோப்பு முடித்துவைக்கப்பட்டது. கணக்கர் பொறுப்பு அதிகாரி ஆனார். மலர்வளையம் வந்தது. எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, கடைசியாக இருந்த இடத்திலேயே வைப்பதுதான் முறை என்று முடிவாயிற்று. எல்லாரும் கழிப்பறை வாசலில் தலைகுனிந்து நின்றார்கள். கீழே சான்றிதழுக்காக வரிசையில் நின்ற பொதுமக்களும் மரியாதை நிமித்தம் மேலே வந்தார்கள்.

"என்ன சத்தத்தையே காணோம்? யாரு செத்தது?" என்றார் அதிகாரி உள்ளிருந்து.

"ஷ்! மௌன அஞ்சலி நடக்குது சார்" என்றார் கணக்கர்.

அஞ்சலி முடிந்ததும் டைப்பக்கா விண்ணப்பத்தைக் கணக்கரிடம் நீட்டினாள். அவர் புதுப் பதவிக்கு ஏற்றபடி மெதுவாகப் படித்தார்.

"இது மறைந்தவருக்கு எழுதினது. நான் போட முடியாது."

"அவருதான் உள்ள பேசிக்கிட்டு இருக்காரே!"

"பேசட்டுமே. பேசறதுக்கு நான் தடை சொல்லல. கையெழுத்துப் போடற அதிகாரம்தான் அவருக்குக் கிடையாது."

அப்போது டைப்பக்காவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். "பிரசவ அறைக்குக் கொண்டு போறோம். அக்கா வந்தாச்சா, அக்கா வந்தாச்சான்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க வர்றீங்களா, இல்லியா?"

டைப்பக்காவுக்குக் கண் நிறைந்தது. பிறகு கோபம் வந்தது. காலையிலிருந்து தான் அடித்த சொற்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து தன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மலர்வளையத்தைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தோளால் கதவை மோதினாள். மறுபடியும் மோதினாள். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு விழுந்தது.

சொட்டச் சொட்ட நின்ற அதிகாரி வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டினார். "யாரோட உத்தரவுல..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். விண்ணப்பத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். அவள் படியிறங்கி ஓடினாள்.

பெண் குழந்தை. தங்கை அவள் விரலை இறுக்கிப் பிடித்த பிடியில் ஒரு வாரம் வலி இருந்தது.

விசாரணை நடந்தது. முடித்துவைக்கப்பட்டவர் போட்ட கையெழுத்து செல்லாது. ஆகவே விடுப்பு செல்லாது. ஆகவே அன்று முழுவதும் டைப்பக்கா அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறாள் என்று தீர்ப்பாயிற்று. அந்த உழைப்பைப் பாராட்டி அவளைக் கீழே கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். அதிகாரம் சின்னதுதான். ஆனாலும் கம்பிக்கு உள்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வெளியே நிற்கிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் அறிவு குறைந்தவர்களாகத் தெரிகிறார்கள் என்பதை அவள் இரண்டாம் நாளே கண்டுகொண்டாள்.

அந்த வரிசையில் ஒரு நாள் பழைய அதிகாரி வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

"எப்படிம்மா இருக்கீங்க? குழந்தை சௌக்கியமா?"

"நல்லா இருக்கா சார். உங்களுக்கு என்ன வேணும்?"

"நான் உயிரோட இருக்கேன்னு ஒரு சான்றிதழ். என் கோப்பைத் திரும்பத் திறக்கணும்."

"சொல்லைச் சொல்லுங்க சார்."

"ஓப்பன்."

அவள் சுற்றறிக்கையை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள். ஷட் இருந்தது, பிளாக் இருந்தது, ஸ்டாப் இருந்தது, குளோஸ் இருந்தது. "நீங்க சொல்றது இதுல இல்லியே சார்."

"அட, நான் எழுதினதுதானே! விட்டுப்போச்சு. சேத்துக்கோங்க."

"சேர்க்க அதிகாரி கையெழுத்து வேணும்."

அவர் அவசரமாகப் பேனாவை எடுத்தார்.

"நீங்க குளோஸ் சார்" என்றாள் டைப்பக்கா, வருத்தமாகத்தான்.

பின்னால் நின்றவர்களுக்குப் பொறுமை போயிற்று. "பெரியவரே, எத்தனை நேரம்? வழியை பிளாக் பண்ணாதீங்க!" என்று ஒருவர் கத்தினார்.

அதிகாரி சட்டென்று திரும்பினார். முகத்தில் பழைய களை வந்தது. "ஆளுக்கு பிளாக் வராது தம்பி. ஆள் வழியை மறிச்சா அப்ஸ்ட்ரக்ட்."

கத்தினவர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் சொல்லிப் பார்த்தார். ஒரு அம்மாள் மகளிடம் "எழுதி வச்சுக்கோ" என்றாள். டைப்பக்கா சுற்றறிக்கையின் கடைசி வரிக்குக் கீழே அழகாக எழுதிக்கொண்டாள்: அப்ஸ்ட்ரக்ட்.

அதைச் சேர்க்க யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.