பிரெஞ்சுத் துரையின் துப்பாக்கி

“வூட்டுல இன்னும் யோசிக்கிறாங்க தம்பி” என்று வைத்திலிங்கம் மறுபடியும் சொல்லிவிட்டுக் காடாம்புலியூருக்கு பஸ் ஏறியதும் வேணுவுக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய மகள் அமிர்தத்தைப் பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அமிர்தத்துக்கும் அவனைப் பிடித்திருந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வெல்டர், குவார்ட்டர்ஸ் வேறு. அப்புறம் என்ன யோசனை?

“துப்பாக்கிதான்டா” என்றான் பெயிண்டர் சிங்காரவேல். “பாண்டிச்சேரி பிரெஞ்சு தொரை எங்க தாத்தாவுக்குக் குடுத்த துப்பாக்கி எங்க வூட்டுல இருக்குதுன்னு அங்க அளந்துட்டு வந்தியே, எவன் நம்புவான்?”

“நெசமாவே இருக்குடா!”

“அப்ப நம்ம ஜெர்மன் என்ஜினீயருகிட்ட காட்டு. பழைய துப்பாக்கின்னா அவருக்கு உசுரு. பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடியே மதிப்பு சொல்லச் சொல்லுவோம்.”

ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி எல்லோருக்கும் சொல்லியாயிற்று. துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் ஒரே துரு. ஒர்க் ஷாப்காரன் துருவோடு ஒரு சாமானை என்ஜினீயர் முன்னால் வைப்பானா? வேணு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். துரு போயிற்று. கூடவே ஏதோ எழுத்தும் பூவேலையும் போயின.

குழாயின் அடியில் பொடி ஓட்டை ஒன்று தெரிந்தது. ஓட்டையைக் கண்டால் வெல்டர் கை சும்மா இருக்குமா? அடைத்துவிட்டான்.

“திருப்பியும் துரு புடிக்கும்டா” என்று சிங்காரவேல், மண் வெட்டும் மெஷினுக்கு அடிக்கிற மஞ்சள் பெயிண்டைத் தாராளமாக அடித்தான்.

ஞாயிறன்று வைத்திலிங்கமும் அவர் மனைவி கஸ்தூரியம்மாளும் வந்து உட்கார்ந்தார்கள். என்ஜினீயர் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஏதேதோ சொன்னார்.

“என்னடா சொல்றாரு?” என்றான் வேணு.

என்ஜினீயரோடு பழகி அவர் பேச்சு புரிந்த சிங்காரவேல் மெதுவாகச் சொன்னான். “பிரெஞ்சுக்காரன் செஞ்சதுதானாம். இருநூறு வருஷத்துச் சாமானாம். தொடாம வெச்சிருந்தா ராசா வூட்டுல வாங்கியிருப்பாங்களாம்.”

“இப்ப?”

“நீ தேச்சதுல செஞ்சவன் பேரு போச்சாம். அந்த ஓட்டை வழியாத்தான் வெடிமருந்துல நெருப்பு புடிக்குமாம். அதையும் அடைச்சிட்டதால இது இனிமே வெறும் தடியாம்.”

வேணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பாக்கி போனால் போகட்டும், அமிர்தமும் போய்விட்டாளே! வைத்திலிங்கத்தை நிமிர்ந்து பார்க்கவும் வெட்கமாக இருந்தது.

அதுவரை வாயே திறக்காத கஸ்தூரியம்மாள் கேட்டாள். “அப்ப இது வெடிக்காதா தம்பி?”

“வெடிக்கவே வெடிக்காதுங்க” என்றான் வேணு அழாத குறையாக.

“இத மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா? துப்பாக்கி இருக்கிற வூட்டுக்குப் பொண்ண எப்படி அனுப்புறதுன்னுதானே நான் சம்மதமே சொல்லாம இருந்தேன்!”