இழுக்காமலே நிறம் மாறிய கயிறு

ஆய்வகத்தில் வெயில் அடிப்பதில்லை. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பார்கள்.

என் பேராசிரியரின் ஆராய்ச்சி, விசை பட்டால் நிறம் மாறும் பாலிமர்களைப் பற்றியது. அதைப் பூசிய கயிறு அளவுக்கு மீறி இழுபட்டால், அறுவதற்கு முன்பே ஊதாவாகி எச்சரிக்கும். ஒரு விசைப்படகில் கட்டிச் சோதித்துவிட்டால் என் ஆய்வேடு முடியும், நானும் தூங்கலாம். தூத்துக்குடியில் அப்பாவுக்குக் கயிற்றுக் கடை. அவருடைய பழைய வாடிக்கையாளரான படகுக்காரர் ஒருவர், அப்பா முகத்துக்காகச் சம்மதித்தார். பூச்சு எங்களுடையது, கயிறு அப்பா கடையுடையது. (சொந்தச் சரக்கில் அவருக்கு அவ்வளவு பெருமை.)

கறுப்பு உறை, கையுறை, இழுவிசை மானி, மாற்று பேட்டரி, பேராசிரியர் சாருக்கு மோர் என்று எல்லாவற்றையும் சரிபார்த்து எடுத்துப் போனேன். மீன்பிடித் துறைமுகத்தில் உச்சி வெயில். சாரும் அப்பாவும் கூட வந்திருந்தார்கள். படகுக்காரரும் ஆட்களும் சுற்றி நின்றார்கள். "இப்ப வெளிர்மஞ்சளா இருக்கும். ஊதாவாச்சுன்னா அறப்போகுதுன்னு அர்த்தம்" என்று விளக்கிவிட்டு உறையைப் பிரித்தேன்.

கயிறு தரையில்தான் கிடந்தது. யாரும் தொடவில்லை. எல்லார் கண்ணெதிரிலும் ஊதாவானது.

"ஏலே, தள்ளி நில்லுங்கலே, அறப்போவுது" என்றார் படகுக்காரர். ஆட்கள் ஒதுங்கினார்கள். அவர் அப்பா பக்கம் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, ஒங்க கடைக் கயிறு கெடந்த எடத்துலயே அறும் போலுக்கே. இதையா இத்தன வருசம் எனக்கு வித்திய?"

"கயிறு நல்ல கயிறுதான் வே" என்றார் அப்பா, என்னைப் பார்த்தபடி. "மேல பூசுனதுதான் நம்ம வீட்டுது."

சார் நிதானமாக மோரைக் குடித்து முடித்தார். "வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்மா. அது பட்டாலும் மாறும். உன் ரெண்டாவது அத்தியாயத்துலயே எழுதியிருக்கியே."

(எழுதியிருந்தேன். கறுப்பு உறையே அதற்காகத்தான். வழியெல்லாம் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து, நட்ட நடு வெயிலில் பிரித்தேன்.)

பக்கத்து ஐஸ் கொட்டகைக்குள் தூக்கிப் போனதும் ஊதா மெல்ல வெளிறியது. "பாருங்க, நிழல்ல சரியாயிருது" என்றேன்.

படகுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "சரிதாம்மா. நாங்க கடல்ல நெழலுக்கு எங்கன போக?"

அத்தோடு சோதனை முடிந்தது. வெயிலைத் தடுக்கும் மேல்பூச்சு என்று புதிதாக ஓர் அத்தியாயம் முளைத்து, ஆய்வேடு இன்னும் ஓராண்டு நீண்டது. படகுக்காரர் இப்போதும் அப்பா கடையில்தான் வாங்குகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் கயிற்றை வாசலுக்குக் கொண்டுபோய், சிரிக்காமல், வெயிலில் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

வீட்டில் யாராவது "ஆய்வேடு..." என்று வாயெடுத்து என் முகம் மாறினால் போதும், அப்பா ஆரம்பித்துவிடுவார்.

"ஏளா, இன்னும் ஒருத்தரும் இழுக்கவே இல்லியே. அதுக்குள்ள ஏன் நெறம் மாறுத?"