சூரியத் தகட்டுக்குப் பூப்போட்ட உறை

வாசகர்களே, பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வாங்க முடியாமல் ஏங்குகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல் மூன்றாவதாக ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பொருளையும் வாங்கும், ஏங்கவும் செய்யும். அந்த இனத்துக்கு உறைக்காரர் என்று பெயர்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? வீட்டுக்குள் நுழைந்தாலே போதும். டி.வி.யின்மேல் கிளி தைத்த துணி, அந்தக் கிளிமேல் தூசி விழாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாள், ரிமோட்டுக்கு ஒரு பாலிதீன் பை, பையின் வழியே எண்கள் தெரியாததால் சேனல் மாற்றுவதற்கு ஒரு குத்துமதிப்பு, கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் தாள் கழற்றப்படாமல், உட்கார்ந்தால் சடசடத்து, எழுந்தால் கூடவே எழுந்து வரும் ஒரு சோபா, கசிந்துவிடும் என்று செல்லைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டு வெறும் கூடாக மாட்டி வைத்திருக்கும் டார்ச் லைட். கரண்டு போனால்? அலமாரிச் சாவியை இருட்டில் தேட வேண்டியதுதான்.

ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "சாதனம் புதுசா கெடக்கட்டும். ஒரு நல்ல நாளைக்கு வேணுமில்லா?"

அந்த நல்ல நாள் எது? அதை மட்டும் கேட்கக் கூடாது.

பாறசாலை ஞானசிகாமணி இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. வளைகுடாவில் ஒரு படகுச் சங்கத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதே அந்த வேலையின் சாரம் என்று புரிந்துகொண்டு, அலமாரியில் ஓர் ஆணியும் குறையாமல் காத்தார். சங்கத்தை மூடியபோது முதலாளி மனம் நெகிழ்ந்து ஒரு சிறிய பாய்மரப் படகை அவருக்கே கொடுத்துவிட்டார். அது சரக்குக் கப்பலில் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து, ஆறு கடலில் சேரும் பூவாற்றுப் பொழிமுகத்துக்கு வந்து, தார்ப்பாயின் கீழ் படுத்தது. அன்று படுத்ததுதான்.

அவருடைய மனைவி ஓமனாவுக்கு அப்போது ஒரு சின்ன ஆசை இருந்தது. சாயங்காலம் அதில் ஏறிப் பொழியை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். அதற்கென்று ஒரு சேலையைக்கூட மனத்துக்குள் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் ஞானசிகாமணி சனிக்கிழமைதோறும் பனச்சமூடு சந்தையில் ரெக்ஸின் துணி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். எஞ்சினுக்கு உறை. சுக்கானுக்கு உறை. திசைகாட்டிக்கு உறை, உறைக்குள் இன்னோர் உறை. நங்கூரத்துக்கும் உறை! கடலடிச் சேற்றில் விழுந்து கிடப்பதற்கென்றே பிறந்த இரும்புக்கு, நாடா வைத்துத் தைத்த உறை!

கடைசியாக ஒரு நாள் படகின் கூரையிலிருந்த சோலார் தகட்டின் அளவைக் கொண்டுவந்தார். பகலில் அது வெயிலைக் குடித்து பேட்டரியில் கரண்டு சேர்க்கும். பேட்டரி எஞ்சினைக் கிளப்பும். ஓமனா பூப்போட்ட துணியைத் தையல் மெஷினில் வைத்தவள் நிறுத்தினாள்.

"வெயில் கொள்ளதுக்கு உள்ள சாமானாக்கும் இது. இதுக்க மேல துணி போட்டா எப்படி?"

"எடி, இது இருவது வருசம் உழைக்கும்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். பாதி நாளு மூடி வச்சா நாப்பது வருசம் கெடக்கும். உனக்குக் கணக்குத் தெரியுமா?"

கணக்கு என்று வந்த பிறகு ஒரு மனைவி என்ன செய்ய முடியும்? தைத்தாள்.

படகு அப்படியே கிடந்திருக்கும். ஆனால் அவர்களுடைய ஒரே மகள் பின்சி மினிக்காய்த் தீவில் ஆசிரியை. கணவன் அஜீஷும் அதே பள்ளிக்கூடத்தில். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரவேண்டியவளை, கப்பல் ஏறக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். டெலிபோனில் பின்சியின் குரல் கடலுக்கு அப்பாலிருந்து உடைந்து வந்தது. "எம்மா, நீ இல்லாம எனக்குப் பயமாட்டு இருக்கு. எப்படியாவது வந்துரு."

தீவுக்குப் போகும் கப்பலில் இடமில்லை. ஓமனா கணவரின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்லும் கரையும் அந்தப் பார்வையில் ஞானசிகாமணியும் கரைந்தார்.

"சரி, நம்ம படகிலேயே போவலாம்."

பாய் பிடிக்கக் கடற்கரைக்காரர் சுவாமிதாஸ் சேர்ந்துகொண்டார். அனுமதிச் சீட்டு வாங்கி, ஜெபம் செய்து, சித்திரை வெயிலில் புறப்பட்டார்கள். ஏறியதும் சுவாமிதாஸ் பாயைப் பார்த்து விழித்தார்.

"அண்ணே, இதுல துணியைவிட ஒட்டுல்லா கூடுதலு. புதுப் பாய் உண்டுன்னு சொன்னியளே?"

"உண்டு. பாக்கெட்டு பிரிக்கல்ல. உப்புக்காத்து கொண்டா கெட்டுப் போவும்."

"பின்ன அதை எங்க வச்சு விரிக்க? ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டத்திலயா?"

காற்று வடக்கே ஒதுக்கிவிட்டதால் கல்பேனித் தீவில் தண்ணீர் பிடிக்க நின்றார்கள். வாழ்நாளில் நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு அப்பால் அதிகம் போகாத ஓமனா, அந்தப் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீரைப் பார்த்துக் கண் கலங்கினாள். தீவுக்காரர்கள் இளநீருடன் வந்து கரைக்கு அழைத்தார்கள். ஞானசிகாமணி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உப்பைக் கழுவினார், திருகாணிகளை முறுக்கினார், எண்ணெய் விட்டார், உறைகளை உதறி மறுபடி போட்டார். தீவில் என்ன பார்த்தீர்கள் என்று பிறகு யாரோ கேட்டதற்கு, "அங்க நல்ல காத்து. உறை சீக்கிரம் உணங்கிச்சு" என்றாராம்.

மினிக்காய்க்குப் போகும் வழியில் காற்று செத்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலப் படுத்துவிட்டது. ஒட்டுப்போட்ட பாய் துவண்டு தொங்கியது.

"எஞ்சினைப் போடுங்க" என்றாள் ஓமனா.

ஞானசிகாமணி முகம் மலர்ந்தார். இதற்காகத்தானே இத்தனை பாதுகாப்பு! பேட்டரி தேய்ந்துவிடும் என்று புறப்பட்ட நாளிலிருந்து ஒரு பல்பு எரிய விட்டிருப்பாரா? ராத்திரியெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கில்தானே ஓடியது? ஆகவே பேட்டரி நிறைந்து வழிய வேண்டும். நிதானமாக எஞ்சின் உறையின் நாடாக்களை அவிழ்த்தார், மடித்தார், மடிப்பை நீவினார், சாவியைத் திருகினார்.

'டிக்' என்றது எஞ்சின். வேறொன்றும் சொல்லவில்லை.

பேட்டரியும் பட்டினி போட்டால் சாகும் என்று அலமாரியில் வைத்துப் பழகியவருக்கு யார் சொல்வது?

"கையால சுத்திக் கிளப்புற பிடி ஒண்ணு உண்டே, அதை எடுங்க" என்றார் சுவாமிதாஸ்.

ஞானசிகாமணி மடித்து வைத்த உறையை இன்னொரு முறை நீவினார்.

"அது வீட்டில பீரோவில இருக்கு. கிரீஸ் தேச்சு, துணி சுத்தி வச்சிருக்கேன். கடலுக்குக் கொண்டுவந்தா துரு பிடிக்காதா?"

சுவாமிதாஸ் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "எனக்க மாதாவே! பாறசாலையில துரு பிடிக்காம இருக்கு. நாம இஞ்ச துரு பிடிச்சிட்டு கெடக்கோம்."

ஓமனா சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அங்கே ஒரு மருத்துவமனைக் கட்டிலில் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தகட்டைத் திறங்க" என்றாள்.

ஞானசிகாமணி யோசித்தார். அவர் மனத்துக்குள் ஒரு நாற்பது வருடம் ஆடியது. கடைசியில் பூப்போட்ட உறையைப் பாதியளவு சுருட்டினார்.

"பாதி போதும். மெதுவா ஏறட்டும்."

கரண்டு ஏறவில்லை. வெயில் ஏறியது. பேட்டரி மீட்டரின் முள் அசையாமல் கிடந்தது. மதியம் தாண்டியபோது அவர் "கண்ணாடி நல்லா சூடாவுது" என்று முனகிக்கொண்டே திறந்த பாதியையும் மூடக் கை நீட்டினார்.

அந்தக் கை நீண்டதுதான் தாமதம், இத்தனை வருடம் தைத்துத் தைத்துக் கொடுத்த ஓமனா எழுந்தாள். உறையைப் பிடித்து ஒரே இழுப்பு. நாடா அறுந்தது. அதை நாலாக மடித்துத் தகட்டின் பக்கத்தில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எடி, நிறம் மங்கும்!"

"மங்கட்டும். எனக்க பிள்ளைக்கு நோவு கண்டா இந்த நிறத்தையா கொண்டு காட்டுவிய? வாங்க, தைரியம் இருந்தா என்னை எழுப்பிட்டு எடுங்க."

எடுக்கவில்லை. எந்தக் கணவருக்கு அந்தத் தைரியம் உண்டு? அன்று பொழுது சாயும்வரையும், மறுநாள் விடிந்ததிலிருந்தும் அவள் அப்படியே அமர்ந்திருந்தாள். முகம் கருத்தது, உதடு வெடித்தது, எழுந்திருக்கவில்லை. முள் மெல்ல மெல்ல நகர்ந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் சாவியைத் திருகியபோது எஞ்சின் இருமி, புகை கக்கி, உறுமியது. சுவாமிதாஸ் போட்ட கூச்சலில் கடற்பறவைகள் கலைந்தன.

மினிக்காயின் பவளத் திட்டுக்குள் நுழைந்தபோது சாயங்காலம். ஓமனா நனைந்த சேலையோடு மணலில் மருத்துவமனையை நோக்கி ஓடினாள். பின்சிக்கு நோவு கண்டிருந்தது. "எம்மா" என்று மகள் நீட்டிய கையை அம்மா பிடித்த பிடி, குழந்தையின் அழுகுரல் கேட்கும்வரை தளரவில்லை. பெண் குழந்தை.

ஞானசிகாமணி எங்கே? படகைக் கழுவிக்கொண்டிருந்தார். அஜீஷ் போய்க் கூப்பிட்டதும் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பாலிதீன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே ரோஜா நிறத்தில், லேஸ் வைத்த குழந்தைச் சட்டை.

"பின்சி பிறந்தப்போ துபாயில வாங்கினதாக்கும். அழுக்காவும்னு அப்ப போடல்ல. இப்ப இவளுக்கு இருக்கட்டும்."

கட்டிலில் கிடந்த பின்சி அந்தச் சட்டையை இமைக்காமல் பார்த்தாள். அவள் போட்டிருக்க வேண்டிய சட்டை. அப்பா அன்போடு வாங்கி, அன்போடு ஒளித்து வைத்து, அவள் கண்ணால்கூடப் பார்த்திராத சட்டை. ஓமனா அதை வாங்கிப் பிரித்தாள். மடிப்பு மடிப்பாகத் துணி விட்டுப் போனது. லேஸ் விரலில் மாவாக உதிர்ந்தது. கழுத்திலிருந்த ரப்பர் பட்டை பாலிதீனோடு உருகி ஒட்டிப்போயிருந்தது.

ஞானசிகாமணி உதிர்ந்ததைக் குனிந்து பொறுக்கினார்.

"துணி நல்ல துணிதான் மக்கா" என்றார். "நாமதான் கொஞ்சம் பிந்திப்போனோம்."

பிறகு, வாசகர்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் படகுக்குப் போனார். எதற்கு என்று நான் சொல்ல வேண்டுமா? ராத்திரி பனி விழுமே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும் பீங்கான் தட்டு உங்கள் வீட்டில் எந்தப் பரணில் இருக்கிறது? கட்டியவளிடம் சொல்வதற்கென்று ஒரு நல்ல வார்த்தை வைத்திருக்கிறீர்களே, அதை எந்தப் பண்டிகைக்குப் பிரிக்கப் போகிறீர்கள்? போகட்டும், அதெல்லாம் உங்கள் வீட்டு விஷயம். நான் கேட்பது ஒன்றுதான். இந்தப் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்ட பிறகுதானே படிக்க உட்கார்ந்தீர்கள்?