பதினாலாம் நம்பர் வீட்டுப் பூனை

"பூனை செத்துடுச்சா, இல்ல வேற வீட்டுக்குப் போயிடுச்சா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க ஆன்ட்டி. வேற காரணத்துக்கெல்லாம் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுக்க முடியாது" என்றான் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி லிங்கேஸ்வரன்.

"தம்பி, அது பூனையே இல்ல. போன்ல இருக்கிற பொம்மை" என்றாள் ருக்குமணி.

"நீங்கதானே படம் அனுப்புனீங்க. பேரு மிமி, வயசு ஏழு மாசம். மேனேஜர் துரையும் கையெழுத்துப் போட்டுட்டாரு."

"படத்தைப் பார்த்தா தெரியலையா? கண்ணு தட்டு மாதிரி இருக்கு."

"இப்பல்லாம் எல்லாரும் படத்தை அப்படித்தான் அனுப்புறாங்க. போன வாரம் ஒருத்தர் ஐடென்டிட்டி கார்டுக்கே பூ வச்சு அனுப்பியிருந்தாரு."

எல்லாம் வாட்ஸ்அப்பில் தொடங்கிய வினை. தேயிலைக் காட்டைப் பார்க்க வந்த சுற்றுப்பயணிகளை நாய்கள் துரத்தி, ஒரு அம்மாள் கால்வாயில் விழுந்து எழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் புதுச் சட்டம்: ஒரு வீட்டுக்கு ஒரு பிராணி. மிச்சத்தைத் திங்கட்கிழமை லோரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். 'உங்கள் வீட்டு வளர்ப்புப் பிராணியின் படம், பெயர், வயது அனுப்பவும்' என்று ஆபீசிலிருந்து செய்தி வந்தது. போனில் கேட்கிறார்கள், ஆகவே போனில் வளர்ப்பதைத்தான் கேட்கிறார்கள் என்று ருக்குமணி எடுத்துக்கொண்டாள். பக்கிரிசாமியின் நினைப்பே அவளுக்கு வரவில்லை. பக்கிரிசாமியை யாரும் வளர்க்கவில்லை. அது இருந்தது, அவ்வளவுதான்.

பக்கிரிசாமி ஒரு கறுப்பு நாய். ருக்குமணியின் கணவர் சின்னையா தேயிலை ஃபேக்டரி வாசலில் காவல் காத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மழை நாளில் நனைந்துகொண்டே வந்து அவர் நாற்காலிக்குக் கீழே படுத்தது. "நாய்க்குப் போயி மனுசன் பேரா?" என்று ருக்குமணி கேட்டபோது, "அதுகிட்ட கேட்டுட்டுத்தான் வச்சேன்" என்றார் அவர்.

சின்னையா போய் எட்டு மாதம் ஆகிறது. அவருடைய ரப்பர் பூட்ஸின் மேல் தலையை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சாப்பிடாமல் கிடந்த பக்கிரிசாமி, பத்தாம் நாள் ருக்குமணியின் கையிலிருந்து ஒரு வாய் தின்றது. அன்றைக்குத்தான் அவளும் சாப்பிட்டாள்.

போன் பூனை, ஜோகூரில் வேலை பார்க்கும் மகன் ரூபன் செய்த ஏற்பாடு. கருமாதி முடிந்து கிளம்பும்போது அம்மாவின் போனில் அதை ஏற்றிவிட்டு, "நேரத்துக்குச் சோறு போடுங்கம்மா, பொழுது போகும்" என்றான். மூன்று வேளையும் விரலால் ஒரு மீனை இழுத்து அதன் வாயில் வைக்க வேண்டும். பசித்தால் மலாயில் "சாயா லாப்பார்" என்று அழும்.

"அப்ப உங்க வாசல்ல படுத்திருக்கே அந்தக் கறுப்பு நாய், அது கணக்குக்கு மேல" என்றான் லிங்கேஸ்வரன். "திங்கட்கிழமை ஏத்திடுவோம்."

"ஏத்திட்டுப் போயி என்ன செய்வாங்க?"

"அது என் டிப்பார்ட்மென்ட் இல்ல, ஆன்ட்டி."

அவன் ஈப்போவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எஸ்டேட்டில் யார் எது என்று தெரியாது. பட்டியல் மட்டும் தெரியும்.

ருக்குமணி வீட்டுக்கு நடந்தாள். வாசலுக்கு வருவதற்குள் முடிவு எடுத்துவிட்டாள். நாய்க்கு இடம் வேண்டுமென்றால் பூனை சாக வேண்டும்.

புதன்கிழமை பட்டினி போட்டாள். பக்கத்து ஊர் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் அடுக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. பத்து மணிக்கு அவள் இடுப்புப் பையிலிருந்து "சாயா லாப்பார்" என்று குரல் வந்தது. முதலாளி தவுக்கே திரும்பிப் பார்த்து ஒரு பன் கொடுத்தார். பதினொன்றுக்கு மறுபடியும். இன்னொரு பன். பன்னிரண்டுக்கு அவர் பொறுமை போயிற்று.

"காலையில சாப்பிட்டு வா லா, ருக்கு. என் கொட்டகையில உன்னைப் பட்டினி போடுற மாதிரி ஆகுது."

சாயங்காலம் நிலைமை இன்னும் மோசம். அழுகையைக் கேட்ட பக்கிரிசாமி தன் தட்டைத் தொடவில்லை. மூக்கால் தள்ளித் தள்ளி அதைப் போனுக்கு எதிரே கொண்டுவந்து வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து பார்த்தது. மறுநாளும் அதே கதை. வியாழன் இரவு பூனைக்கு ஒரு மீன், நாய்க்கு ஒரு கை சோறு என்று இரண்டு பேருக்கும் அவளே ஊட்டினாள்.

"பட்டினி போட்டெல்லாம் அது சாகாது" என்றாள் பக்கத்து வீட்டு மோகனா. கொழுந்து பறிக்கிறவள், எதற்கும் உடனே ஒரு வழி வைத்திருப்பாள். "விரலால அமுக்கிப் பிடி அக்கா. டிலீட்னு வரும். தட்டிவிடு. ஒரு நிமிஷ வேலை."

வெள்ளிக்கிழமை காலை ருக்குமணி அமுக்கிப் பிடித்தாள். "உன் மேல எனக்கு ஒண்ணுமில்ல, மிமி" என்று சொல்லிவிட்டுத் தட்டினாள்.

இருபது நிமிடத்தில் ரூபன் கூப்பிட்டான்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? விழுந்துட்டீங்களா?"

"நான் ஏண்டா விழணும்?"

"நீங்க காலையில பூனைக்குச் சோறு போட்டா என் போன்லயும் மணி அடிக்கும்மா. அம்மா எழுந்துட்டாங்கன்னு தெரிஞ்சுக்குவேன். ரெண்டு நாளா சரியா அடிக்கல. இன்னிக்குப் பூனையவே காணோம். லீவு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்."

ருக்குமணி போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "திரும்பிப் போ. கை பட்டு அழிஞ்சு போச்சு" என்றாள்.

அவன் போனிலேயே சொல்லிச் சொல்லிப் பூனையைத் திரும்பக் கொண்டுவர வைத்தான். திரும்பி வந்ததற்குப் பரிசாகப் பூனைக் கம்பெனிக்காரன் இரண்டு குட்டிகளைச் சேர்த்துக் கொடுத்தான். நிம்மதியில் ரூபனுக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, 'எங்கம்மா பூனை குட்டி போட்டிருக்கு' என்று எழுதினான். முப்பது பேர் வாழ்த்தினார்கள். முப்பத்தோராவது செய்தி கிராணியிடமிருந்து: '14ஆம் நம்பர் வீடு, பூனை 3. இது எச்சரிக்கை.'

இனி பூனை சாகக் கூடாது. நாயும் போகக் கூடாது. ருக்குமணி கோஸ் அடுக்கும்போது யோசித்தாள், பஸ்ஸில் யோசித்தாள், சனிக்கிழமை துணி துவைக்கும்போது முடிவு எடுத்தாள்.

"மோகனா, உன் வீட்டுல பிராணி எதுவும் இல்லல்ல?"

"ஒரு கோழிகூட கிடையாதுக்கா."

"என் பூனைங்களை உன் பேருக்கு எழுதிக்க. நாள் முழுக்க போன் உன் வீட்டுல கிடக்கட்டும். சோறு நானே வந்து போட்டுக்கிறேன்."

குட்டிகளுக்கு வேறு வீடு பார்க்க ஒரு மாதம் தவணை கொடுத்து லிங்கேஸ்வரன் ஒப்புக்கொண்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன் என்றான். பூனைகள் புது வீட்டில் இருக்க வேண்டுமாம்.

போன் மோகனா வீட்டு அலமாரிக்குப் போனது. உள்ளே பூனை அழுதது. பக்கிரிசாமி காதை நிமிர்த்திக் கேட்டது. எழுந்து, தன் சோற்றுத் தட்டைக் கவ்விக்கொண்டு மோகனா வீட்டு வாசலுக்குப் போய்ப் படுத்தது. ருக்குமணி இழுத்தாள், கெஞ்சினாள், நெத்திலி காட்டினாள். அது அசையவில்லை. கிராணி வந்தபோதும் அங்கேதான் படுத்திருந்தது.

"பதினஞ்சாம் நம்பர். பூனை மூணு, நாய் ஒண்ணு" என்று அலமாரிப் போனை எட்டிப் பார்த்து அவன் எழுதினான். "இங்க தட்டு வேற இருக்கு. அப்ப இங்கதான் சாப்பிடுது. மொத்தம் நாலு, சட்டப்படி கூடாது. எல்லாம் பழைய வீட்டுக்கே திரும்பணும்."

"காலையில எந்திரிச்சப்ப நானும் என் புருசனும்தான் இருந்தோம்" என்றாள் மோகனா. "மத்தியானத்துக்குள்ள என்னைப் பண்ணைக்காரி ஆக்கிட்டியேக்கா."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு லோரி வந்தது. இரண்டு ஆட்கள் கம்பும் சுருக்குக் கயிறுமாக இறங்கினார்கள். லிங்கேஸ்வரனுக்குப் பின்னால் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த அஸ்லினா, எஸ்டேட் வீடுகளின் பெரிய பதிவேட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தாள். கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜலாலின் மகள் அவள்.

ருக்குமணி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் காலுக்குப் பின்னால் பக்கிரிசாமி.

"நகருங்க ஆன்ட்டி."

"மாட்டேன்."

"சட்டம்னா சட்டம். நாயைக் கொடுங்க."

"எட்டு மாசமா இந்த வீட்டுல நான் பேசினதுக்கெல்லாம் தலையத் தூக்கிப் பார்த்தது இது ஒண்ணுதான். தர மாட்டேன் தம்பி."

"தராட்டி வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும். துரை சொல்லியிருக்காரு. நானா சொல்லல."

லோரி ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். பக்கத்து வாசலில் மோகனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ருக்குமணி உள்ளே போனாள். இரண்டு நிமிடத்தில் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தாள். பையில் இரண்டு சேலை, சின்னையாவின் படம், போன், போன் சார்ஜர், நாயின் தட்டு.

"எழுதிக்கங்க" என்றாள். "வீட்டை நீங்க வச்சுக்கங்க. நாயோட நான் போறேன். பூனைங்களும் என்கூடத்தான் வருது."

லிங்கேஸ்வரன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எழுத வேண்டியதை எழுதித்தானே ஆக வேண்டும். "அஸ்லினா, காலி பண்ற லெட்டர் போடணும். பதினாலாம் நம்பர். வீட்டுக்காரர் பேரு என்னன்னு பாத்துச் சொல்லு."

அஸ்லினா பதிவேட்டைச் சுவரில் சாய்த்து வைத்துப் பக்கங்களைப் புரட்டினாள். விரலால் ஒரு வரியைப் பிடித்தாள். குனிந்து மறுபடியும் படித்தாள்.

"ஆன்ட்டியால இந்த வீட்டைக் காலி பண்ண முடியாதுண்ணே, அவங்க சும்மா கூட இருக்கிறவங்கதான், மூணு வருஷத்துக்கு முன்ன சின்னையா ஐயா ரிட்டயர் ஆன அன்னிக்கே அவர் வேலையும் வீடும் பக்கிரிசாமிங்கிறவர் பேருக்கு மாறியிருக்கு, சம்பளம் வேணாம் சோறு மட்டும் போதும்னு எழுதி அவரே கைநாட்டு வச்சிருக்காரு, ஆனா பாவம், கட்டை விரலை வைக்கச் சொன்னா நாலு விரலையும் வச்சிருக்காரு."