ஓடவில்லை என்று ஒரு திருத்தம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் பெயர் செல்வமுருகன். பத்திரிகை நிருபர். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் என் பூண்டுக் கடை வாசலில் தினமும் வந்து உட்காருவான். என் ஸ்டூல், என் முறுக்கு, நான் காசு கொடுத்து வாங்கும் பேப்பர். அதையும் எனக்கு முன்னால் அவன்தான் பிரிப்பான். அப்படி நான் முறுக்குப் போட்டு வளர்த்தவன்தான் என்னைப் பற்றி எழுதினான்.

"கடைக்குள் காட்டெருமை. கணவர் ஓட்டம், மனைவி விரட்டினார்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எழுத்து பெரிதாக இருந்தால் படித்துவிடுவேன். இது ரொம்பப் பெரிதாக இருந்தது. படம் வேறு. என் மனைவி மதீனா பீவி ஒரு கையில் டிபன் கேரியர் மூடியும் இன்னொரு கையில் கரண்டியுமாக நிற்கிறாள்.

நடந்தது இதுதான். கொடைக்கானல் கடைத்தெருவுக்குக் காட்டுமாடு வருவது புதிதல்ல. வரும், குப்பையில் கிடக்கும் முட்டைக்கோஸ் இலையைத் தின்னும், போகும். அன்றைக்கு ஒன்று என் கடைப் படியேறித் தலையை உள்ளே நீட்டியது. நான் கம்பு எடுக்க உள்ளே போனேன். கம்பு உடனே கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சோறு கொண்டுவந்த மதீனா, மூடியில் கரண்டியால் தட்டினாள். மாடு போய்விட்டது. அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து மதீனா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். "மத்தியானத்துக்கு மேல நான் கடையில உக்காருறேனே." நானும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். "காட்டுமாடு வர்ற இடம். பொம்பளை உக்காருற இடமா அது?"

இனி அந்தப் பதிலை எந்த முகத்தோடு சொல்வது?

அன்று வீட்டுக்குள் நுழைந்ததுமே சபதம் போட்டேன். "அந்தப் பேப்பரை டெல்லிக்கு இழுக்காம விடமாட்டேன்!"

"செருப்ப வெளிய விட்டுட்டு வந்து இழுங்க" என்றாள் மதீனா.

அவள் பத்தாவது பாஸ். போனில் ஏதோ தேடிப் படித்தாள்.

"டெல்லியில பிரஸ் கவுன்சில்னு ஒண்ணு இருக்குங்க. பேப்பர்ல தப்பா எழுதுனா அங்க புகார் குடுக்கலாமாம்."

"ஜெயில்ல போடுவாங்களா?"

"இல்ல."

"அபராதம்?"

"அதுவும் இல்ல. விசாரிச்சு, தப்புன்னா கண்டிப்பாங்க."

"வெறுமனே கண்டிக்கவா? நீ என்னைய இத்தனை வருஷமாக் கண்டிக்கிற. நான் திருந்தினேனா?"

"பேப்பர்க்காரங்களுக்கு ரோஷம் இருக்கும்ங்க."

"சரி சரி, வெரசா டெல்லிக்கு எழுது."

"எடுத்த உடனே டெல்லிக்கு எழுத முடியாது. முதல்ல பேப்பர் ஆசிரியருக்கு எழுதி, தப்பத் திருத்தச் சொல்லணும். அவரு கேக்கலைன்னாத்தான் டெல்லி. அதுக்கு இந்தச் செய்திய இங்கிலீஷ்ல மாத்தி, சேத்து அனுப்பணும்."

"நான் ஓடினேன்னு இங்கிலீஷ்லயும் எழுதணுமா?"

"அப்பத்தானே டெல்லிக்காரங்களுக்கு வெளங்கும்."

டெல்லிக்கு வெளங்காமலே நியாயம் கிடைத்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. ஆசிரியருக்கே எழுதச் சொன்னேன்.

"நான் ஓடவில்லை. ஓடவே இல்லை. அப்படியே திருத்தம் போட வேண்டும். எழுதிட்டியா?"

"எழுதியாச்சு. சாட்சி யாரு?"

"எதுக்குச் சாட்சி?"

"ஆசிரியர் விசாரிப்பாருல்ல? உள்ள போயி நீங்க என்ன செஞ்சீங்கன்னு பாத்தது அந்த மாடு. அத விட்டா நான்."

"அப்ப நீ சொல்லு."

"சொல்றேன். நீங்க ஓடலைன்னு அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன். ஆனா மத்தியானத்துக்கு மேல கடையில நான்தான்."

"ஏ மதீனா, இது லஞ்சம்!"

"கோர்ட்டுல சாட்சிக்குப் படி குடுக்கிறாங்கல்ல, அது மாதிரி வச்சுக்குங்க."

மானமா, கடை நாற்காலியா? ராத்திரிச் சாப்பாடு ஆறும்வரை யோசித்தேன். மானம் என்று முடிவு செய்தேன்.

கடிதம் போனது. பிறகு ஆசிரியரிடமிருந்து போனும் வந்தது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று மதீனா சௌசௌ பந்தல் பக்கம் போய்ப் பேசினாள். "ஓடல சார், சத்தியமா ஓடல" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. வயிறு குளிர்ந்தது. மறுநாளே அவளுக்குக் கடைச் சாவியில் ஒன்று கொடுத்தேன்.

திருத்தம் வந்தது. செல்வமுருகனே பிரித்தான். மொத்தக் கடைத்தெருவுக்கும் கேட்கட்டும் என்று நான்தான் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

"காட்டெருமையைக் கண்டு கடைக்காரர் ஓடியதாக வெளியான செய்தி தவறு. கடைக்காரர் அப்துல் குத்தூஸ் ஓடவில்லை. காட்டெருமை போகும்வரை அவர் பூண்டு மூட்டைகளுக்கு நடுவில், சாக்கைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். தவறுக்கு வருந்துகிறோம்."

முதல் செய்தியில் என் பெயர்கூட இல்லை. வெறும் கணவர் என்றுதான் இருந்தது. திருத்தத்தில் பெயர் போட்டு மரியாதை செய்துவிட்டார்கள்.

அடுத்த பஸ்ஸில் அட்டுவம்பட்டி வீட்டுக்குப் போய் இறங்கினேன்.

"ஏம்மா, இப்படியா சொல்லுவ?"

"ஓடலைன்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். அப்ப என்னதான் செஞ்சாருன்னு அவரு கேட்டாரு. ஆணை போட்ட வாயால பொய் சொல்லவா?"

"இப்ப எழுது டெல்லிக்கு!"

"என்னன்னு எழுத? நீங்க கேட்ட திருத்தத்த அவங்க போட்டுட்டாங்களே. இனி என்ன புகார் கெடக்கு?"

மத்தியானத்துக்கு மேல் என்று ஆரம்பித்தது, இப்போது வெள்ளனே அவள்தான் கடை திறக்கிறாள். டூரிஸ்ட்டுகள் காட்டுமாட்டை விரட்டிய அம்மாவோடு நின்று போட்டோ எடுக்கிறார்கள், கூடவே பூண்டும் வாங்குகிறார்கள். வியாபாரம் கூடியிருக்கிறது என்று சொல்ல எனக்கு மனமில்லை. டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறவன் நான். ஸ்டூலில் அதே செல்வமுருகன். அதே முறுக்கு.

நேற்று நேரிலேயே கேட்டுவிட்டேன். "என்கிட்ட எங்கடா மன்னிப்புக் கேட்ட?"

"அதான் வருந்துகிறோம்னு போட்டோமே, பாய்."

"அது படிக்கிறவங்களுக்கு. எனக்கு?"

அவன் கல்லாப் பக்கம் திரும்பினான். "அக்கா, பாய் ஏதோ புகார் சொல்றாரு."

மதீனா பூண்டு நிறுப்பதை நிறுத்தவில்லை. "எழுத்துல குடுக்கச் சொல்லு தம்பி. விசாரிப்போம்."

அந்த மன்னிப்பு எனக்கு இன்னும் பாக்கிதான். எழுதிக் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறேன். ஆனால் எனக்கு எழுதித் தருகிறவள் அவள் ஒருத்திதான்.