ஏறி இறங்கும் பரீட்சை

வலது கால் வெளியே வந்துவிட்டது. மீதி ஆள்தான் வரவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை முயன்று பார்த்தார். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்னொரு கையைக் கதவில் ஊன்றி, மூச்சை அடக்கி ஒரு எம்பு எம்பினார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, சரியாக நடுவில், சுளீரென்று ஒரு வலி பிடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தார் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். வண்டி அவரை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். லைசென்ஸ் கேட்டு வந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சீட்டைச் சரி பண்ணினியா? கண்ணாடியைப் பார்த்தியா? ஃபெயில், இறங்கு" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனுஷன். இறங்குவது இவ்வளவு பெரிய வேலை என்று அந்தக் காலத்தில் அவருக்குத் தெரியாது.

கட்டடத்துக்கு அடியில் இருக்கும் வண்டி நிறுத்தத்தில் ஈ காக்காய் இல்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி லிஃப்டில் இறங்கி வந்துவிடுவாள். இந்தக் கோலத்தில் பார்த்தாளானால் வண்டி போச்சு.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிவப்பு. இரண்டே கதவு. தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு செருப்பு நுழைந்தால் அதிகம். இருபத்தைந்து வயதில் இவர் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்து நின்றது இந்த மாதிரி ஒரு வண்டியைத்தான். பார்க்கிறவன் வயிறு எரிய வேண்டும், அது ஒன்றுதான் அப்போது ஆசை. கல்யாணமானதும் மழையில் நனையாமல் போனால் போதும் என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் பிறந்ததும் வாந்தியைத் துடைத்தால் போகிற சீட் வேண்டும் என்றார். பையன் காலேஜில் சேர்ந்தபோது மெத்தையும் பக்கெட்டும் போகிற டிக்கி. ஐம்பதில் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் நாலு பேர் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு பெரிய வண்டி. ஒவ்வொரு தடவையும் சிவப்பு வண்டியை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார். கடமையெல்லாம் முடிந்து, இப்போதாவது வாங்கலாம் என்று வாயைத் திறந்தால், உயரமான சீட் வேண்டும், பிடித்து ஏறக் கைப்பிடி வேண்டும் என்று குடும்பமே கூடி வகுப்பெடுத்தது.

பழைய கார் விற்கும் கடைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் போனார்கள். அவள் ஒரு வெள்ளை வண்டியின் சீட்டைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்து, மெத்தை வாங்குகிற திருப்தியோடு தலையை ஆட்டினாள். இவர் மூலையில் சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் போய், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து அவள் மனசு இளகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரரும் சொன்னார். அப்போதுதான் அவள் அந்த நிபந்தனையைப் போட்டாள்.

"ஒரே ஒரு நாள் முதுகைப் பிடிச்சுக்கிட்டு என் முன்னாடி நின்னீங்க, வண்டி திரும்பிப் போகும். அப்புறம் வெள்ளை வண்டிதான். பேச்சு மாறக் கூடாது."

மாறவில்லை. ஒரு வாரமாகக் கீழே யாருக்கும் தெரியாமல் முக்கி முனகி இறங்கி, லிஃப்ட் கண்ணாடியில் முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு, சிரித்தபடி வீட்டுக்குள் போனார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முதுகுக்குத் தைலம் தேய்த்தார். தைல பாட்டில் ஒரே வாரத்தில் அடிக்கு வந்துவிட்டது. இவ்வளவா தேய்த்தோம் என்று அவருக்கே சந்தேகம். வீடு முழுக்க அந்த வாடைதான். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு ஜலதோஷமாக இருக்கும், நம் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். இன்றைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் கடையை மூடிவிட்டால் வண்டி அவருடையது. ஆனால் வாய் சும்மா இருக்க வேண்டுமே. நேற்று பையன் போனில் முதுகு எப்படி இருக்கிறது என்று ஒரு மாதிரியாகக் கேட்கப் போக, இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நாளைக்கு உன் அம்மா கண் முன்னாலேயே ஏறி இறங்கிக் காட்டுகிறேன், அவளே பாஸ் போடட்டும் என்று அளந்துவிட்டார்.

அவள்கூட, "எனக்கு எதுக்குங்க அதெல்லாம், நான் வரலை" என்றுதான் சொன்னாள். அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று இவருக்கு இன்னும் வீம்பு ஏறியது. வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

ஆகவே இன்று மதியத் தூக்கத்திலிருந்து எழுந்ததும், அவள் டீ போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒத்திகை பார்க்கலாம் என்று சத்தமில்லாமல் கீழே வந்தார். சீட் முன்னால் தள்ளியிருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது. வண்டி கழுவுகிறவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே, அவசரத்தில் அதைச் சரி பண்ணாமல் உள்ளே நுழைந்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை வாத்தியாரே மறந்துவிட்டார். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க, முதுகு பிடித்துக்கொண்டது.

சரி, சீட்டைப் பின்னால் தள்ளினால் இடம் கிடைக்கும் என்று கையை இடுக்கில் விட்டுத் துழாவினார். நாலைந்து பொத்தான்கள் தட்டுப்பட்டன. ஒன்றை அமுக்கினார். சீட் பின்னால் போகவில்லை. சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போயிற்று. விரலை எடுப்பதற்குள் பிரேக் இன்ஸ்பெக்டர் மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை உட்கார்ந்த மனுஷனாகவாவது இருந்தார். இப்போது வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வயிறும் ஒரு காலும்தான் தெரியும். பொத்தானைத் திருப்பி அமுக்கினார். சீட் நிமிர்ந்து முதுகைத் தள்ளியது. அந்த வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. விரலை எடுத்துவிட்டார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"டீ ஆறுது. நான் கீழ வரணுமா, கண்டிப்பா?"

"மெதுவா வா. அவசரமே இல்லை."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"குனிஞ்சு வண்டியைத் துடைச்சிட்டிருக்கேன்."

குனிஞ்சு என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கே அழுகை வந்தது.

போனை வைத்ததும் மூன்றாவது மாடிப் பல் டாக்டரைக் கூப்பிட்டார். சின்ன வயசுச் சிநேகிதர். இவரைவிட இரண்டு வயது பெரியவர், வாழ்நாள் முழுக்க எதையாவது பிடுங்கியே பழக்கப்பட்டவர். டாக்டர் வந்து பார்த்தார். முதலில் சிரித்தார். அதற்கே கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். இன்ஸ்பெக்டர் போட்ட சத்தத்தில் பயந்து விட்டுவிட்டார். வெளியிலிருந்து இழுத்தால் வராது, வேர் உள்ளே மாட்டியிருக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து தள்ள வேண்டும் என்று தொழில்முறையில் ஒரு முடிவுக்கு வந்தார். சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து, உள்ளே இறங்கி உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"டேய்," என்றார் டாக்டர் மெதுவாக. "என் முட்டி மடங்கிடுச்சு. நீட்ட வரலை."

"விளையாடாதடா. அவ வந்துடுவா."

"விளையாடறனா? இந்தக் கண்றாவியை எதுக்குடா வாங்கினே? நமக்கு எதுக்குடா வேகம்? எனக்கு இப்ப வண்டியே வேண்டாம், போற வழியெல்லாம் பாத்ரூம் இருந்தா போதும்."

இன்ஸ்பெக்டர் நாற்பது வருஷம் காத்திருந்து வாங்கியது. அதை ஓட்டும்போது முதுகு வலிப்பதில்லை. ரோட்டில் போகும்போது அவருக்கு வயசே இல்லை. எல்லா வயசும் இறங்கும்போதுதான் வருகிறது. அதை இவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எதையாவது பிடித்து எழுந்துவிடலாம் என்று கையை நீட்டிப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. முழங்கை ஹாரனில் போய் ஊன்றியது. அடித்தளம் முழுக்க அதிர்ந்தது. முழங்கையை எடுக்க அவர் புரண்டபோது இன்னொரு தடவை, இன்னும் நீளமாக அடித்தது.

படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. அந்த நடை இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். தரைத்தள வீட்டு பி.டி. டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் டிராக் பேன்ட்டும் விறைப்பும் அந்த அம்மாளை விட்டுப் போகவில்லை. யார் வந்தாலும் பரவாயில்லை, இந்த அம்மாள் மட்டும் வரக் கூடாது என்று அவர் நினைத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டீச்சர் அவர் மனைவிக்கு உயிர்த்தோழி, ஒரு வாரமாக இருவரும் ஓயாமல் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, அந்தக் காலத்தில் டீச்சரை அவர் லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில் பண்ணியிருக்கிறார்.

டீச்சர் குனிந்து உள்ளே பார்த்தார். ஒருவர் படுத்திருக்கிறார், ஒருவர் மடங்கிக் கிடக்கிறார். டீச்சர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"கண்ணாடியைப் பார்க்கலைன்னு என்னை இறக்கி விட்டீங்க," என்றார். "நீங்க இன்னைக்குச் சீட்டைச் சரி பண்ணிட்டு உட்கார்ந்தீங்களா?"

"நான் நேத்து சரியாத்தான் வச்சேன் டீச்சர். வண்டி கழுவுறவன் தினமும் முன்னால தள்ளிடறான். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க."

டீச்சர் நேராகத் தூணுக்குப் பின்னால் போய், அங்கிருந்து ஒரு குட்டை ஸ்டூலையும் மடித்து வைத்த ஒரு தடித்த துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கும் நிலையில் இன்ஸ்பெக்டர் இல்லை. லிஃப்ட் மேலே போகிற சத்தம் கேட்டுவிட்டது.

"காலை உள்ள எடுங்க," என்றார் டீச்சர். "ரெண்டு காலும் சேர்ந்துதான் வரணும். ஸ்டியரிங்கைத் தொடாதீங்க, என் மணிக்கட்டைப் பிடிங்க. இடுப்போட திரும்புங்க. தலையைக் குனிங்க. இப்ப மூச்சை விடுங்க."

துண்டை முதுகுக்குக் கீழே கொடுத்து ஒரு சுண்டு சுண்டினார். எப்படி வந்தோம் என்று தெரியாமலே பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு சுண்டில் நின்றுகொண்டிருந்தார். அதே நேரம் லிஃப்ட் கதவு திறந்தது.

அவர் மனைவி வந்தாள். அவர் ஒரு கையை வண்டியின் கூரைமேல் போட்டு, ஒரு காலைக் குறுக்கே வைத்து, இப்போதுதான் ஊர் சுற்றிவிட்டு வந்தவர் போல நின்றார். முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. பரீட்சை முடிந்தது, இறங்கிவிட்டேன் பார் என்று சொல்லியே விட்டிருப்பார்.

"டேய், நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்," என்றது ஒரு குரல், வண்டிக்குள்ளிருந்து.

குட்டு உடைந்துவிட்டது. அவள் டாக்டரைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், கடைசியில் இவரைப் பார்த்தாள். இவருடைய சிரிப்பு மெல்ல இறங்கியது. கை தானாக முதுகுக்குப் போயிற்று. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"நீ சொன்னதுதான் சரி," என்றார். "இந்த வண்டிக்கு ஆசைப்பட்டவன் வேற ஆளு. அவனுக்கு முதுகு வலிக்காது. நான்தான் அவன்னு நெனச்சுக்கிட்டேன். பேச்சு மாற மாட்டேன், திருப்பிக் கொடுத்துடறேன்."

பாவம், அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. தன்மேல் இருக்கும் இரக்கம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"அதுக்கு ஏங்க இவ்வளவு அவசரம்?" என்றாள். "இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்து பார்க்கலாமே."

"இன்னைக்குத்தான் கடைசி நாள்."

அவர் போனை எடுத்துக் கடை நம்பரைப் போட்டார். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. அவள் வண்டியின் சிவப்புக் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள். டாக்டரின் இரண்டு கால்களையும் கையில் பிடித்துக்கொண்டிருந்த பி.டி. டீச்சர் அவளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பொறுக்க முடியாமல் நிமிர்ந்தார்.

"போனை வைங்க சார்," என்றார். "ஒரு வாரமா நீங்க மதியம் தூங்கறப்போ தினமும் வந்து இந்த வண்டியை ஓட்டிட்டு வர்ற உங்க வீட்டம்மாவை, இதே ஸ்டூலைப் போட்டு இறக்கி விடறது நான்தான்."